அத்தியாயம் 7: தெரிந்து தெரிந்து மறையும் ஹார்ட் டிஸ்க்

நேற்று இரவு நன்றாக ஓடிய கம்ப்யூட்டர், காலையில் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. அல்லது டி டிரைவ் மட்டும் திடீரென்று காணாமல் போய், கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வருகிறது. அடியோடு செத்துப்போன டிஸ்க்கைவிட இதுதான் அதிக நஷ்டம் வைக்கும். இன்னும் ஓடுகிறதே என்று நாம் தள்ளிப்போடுகிற அந்த நாட்களில்தான் மிச்சமிருக்கும் வாய்ப்பும் கரைகிறது.

தங்கவயல் மாரிகுப்பத்து வீடுகளில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, அப்பாவின் சர்வீஸ் ரெக்கார்டு, செட்டில்மென்ட் காகிதம், குவார்ட்டர்ஸ் கடிதங்கள், ஷாஃப்ட் முன்னால் நின்று எடுத்த பழைய படம் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே டிஸ்க்கில் போட்டு வைத்த குடும்பங்கள் உண்டு. டிஸ்க்கைக் கடையில் வாங்கிவிடலாம். அதற்குள் இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனால் இந்த அத்தியாயத்தில் வேலையின் வரிசை முக்கியம்: முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், புதிய சாட்டா டேட்டா கேபிள் ஒன்று, மென்மையான பெயின்ட் பிரஷ், மாஸ்க், பழுதான டிஸ்க்கின் அளவோ அதற்கு மேலோ உள்ள இன்னொரு டிஸ்க், ஒரு நோட்டு. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

தொடுவதற்கு முன் காதால் கேளுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்து, டிஸ்க் இருக்கும் பக்கம் காதை வையுங்கள். சீரான மெல்லிய சுழலும் ஓசை மட்டும் வந்தால் இந்த அத்தியாயத்தைத் தொடரலாம். ‘டிக்... டிக்... டிக்’ என்று ஒரே இடைவெளியில் தட்டும் ஓசை, உலோகம் உரசும் ஓசை, சுழலத் தொடங்கிப் பாதியில் நிற்கும் ஓசை, இவற்றில் எது கேட்டாலும் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளே படிக்கும் தலை பழுதாகியிருக்கலாம். அந்த நிலையில் சுழலும் ஒவ்வொரு நிமிடமும் தட்டின் மேற்பரப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

தெரியும் நேரத்தில் காப்பி எடுப்பது

1. டிஸ்க் தெரிந்ததும் வேறு எந்தப் புரோகிராமையும் திறக்காதீர்கள்.

2. திரும்பக் கிடைக்காத சின்ன ஃபைல்களில் தொடங்குங்கள்: காகித ஸ்கேன்கள், படங்கள், கணக்குகள். சினிமாவும் பாட்டும் கடைசி. பெரிய ஃபோல்டரை மொத்தமாக இழுத்துவிட்டுக் காத்திருந்தால், நடுவில் டிஸ்க் மறையும்போது எது வந்தது எது வரவில்லை என்றே தெரியாது. சிறு சிறு ஃபோல்டராக எடுத்து, முடிந்ததை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ‘காப்பி’ மட்டும். ‘கட்’ வேண்டாம். நடுவில் டிஸ்க் மறைந்தால் கட் செய்த ஃபைல் இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம்.

4. காப்பி போய்ச் சேரும் இடம் வேறு டிஸ்க்காக இருக்க வேண்டும். சி டிரைவும் டி டிரைவும் பல கம்ப்யூட்டர்களில் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது பாதுகாப்பே இல்லை.

5. ஒரே ஃபைலில் திரும்பத் திரும்ப நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

டிஸ்க் அடிக்கடி மறைகிறது, ஃபைல் ஃபைலாக எடுக்க முடியவில்லை என்றால் லினக்ஸ் பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச நிரலால் டிஸ்க்கை முழுப் பிம்பமாக எடுக்கலாம். இந்த நோய்க்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை. எதுவரை படித்தது என்பதை அது ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். நடுவில் டிஸ்க் மறைந்தாலும், மறுபடி தெரியும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, தகராறு செய்யும் இடங்களுக்குப் பிறகு வரும். அந்த மேப் ஃபைலைப் பழுதான டிஸ்க்கில் வைக்கக் கூடாது.

*எச்சரிக்கை:* டிடிரெஸ்க்யூவில் எது பழைய டிஸ்க், எது புதியது என்பதை மாற்றிக் கொடுத்தால், காலி டிஸ்க்கைக் கொண்டு உங்கள் படங்களை அழித்துவிடும். இரண்டு டிஸ்க்கின் மாடல் எண்ணையும் அளவையும் நோட்டில் எழுதி, திரையில் வருவதோடு ஒப்பிட்ட பிறகே என்டர் தட்டுங்கள். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இந்த நேரத்தில் செய்யவே கூடாதவை

விண்டோஸ் ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று கேட்கும். கேன்சல் கொடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்ததும் ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்லும். அதற்கும் கேன்சல். ‘செக்டிஸ்க்’ ஓட்டச் சொல்லி நண்பர்கள் பலர் அறிவுரை தருவார்கள். காப்பி எடுக்கும்வரை அதைத் தொடாதீர்கள். அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் கருவி. டிஸ்க் மேல் எழுதும், மணிக்கணக்கில் ஓட வைக்கும், நலிந்த டிஸ்க்கைப் படுக்கப்போட்டுவிடும். டிஃபிராக்கும் அப்படியே. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற பழைய வைத்தியத்தை அறவே விடுங்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும், தட்டு கெடும்.

எப்போது மறைகிறது என்று எழுதுங்கள்

காப்பி முடிந்தாயிற்று. இனி நிதானமாகக் காரணம் தேடலாம். விட்டுவிட்டு வரும் பழுதைப் பிடிக்க நோட்டுதான் முதல் கருவி. டிஸ்க் மறையும்போதெல்லாம் நேரத்தையும் அப்போது என்ன நடந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். சில நாட்களில் ஒரு ஒழுங்கு தெரியும்.

கேபினட்டை நகர்த்தினால், மேசையை இடித்தால் மறைகிறது: கேபிள் அல்லது கனெக்டர். காலையில் முதல் முறை ஆன் செய்யும்போது மட்டும் தெரியவில்லை, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது: பவர் சப்ளை, அல்லது டிஸ்க்கின் மோட்டார் மெதுவாக எழுகிறது. மிக்ஸி, மோட்டார் பம்ப் ஓடும் நேரத்தில் மறைகிறது: மின்சாரம். அரை மணி நேரம் ஓடிய பிறகு மறைகிறது: சூடு. சும்மா விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் மறைந்திருக்கிறது: மின்சேமிப்பு அமைப்பு. பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது மட்டும் மறைகிறது: கேபிள், பவர், டிஸ்க் மூன்றில் ஏதாவது ஒன்று. இங்கே கீழே சொல்லும் வரிசைதான் கைகொடுக்கும்.

விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவர்’ பகுதியில் ‘சிஸ்டம்’ பட்டியலையும் பாருங்கள். 129 என்ற எண் வந்திருந்தால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் இணைப்பை மீண்டும் தொடங்கியிருக்கிறது என்று பொருள். 153 என்றால் படிக்கும் அல்லது எழுதும் முயற்சியைத் திரும்பச் செய்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் கேபிளும் பவரும்கூடக் காரணமாகலாம். 7 என்ற எண் வந்தால் டிஸ்க்கிலேயே படிக்க முடியாத இடம் இருக்கிறது.

கேபினட்டைத் திறக்கும் முன்

பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உருவிய பிறகு கம்ப்யூட்டரின் ஆன் பட்டனைச் சில நொடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடியும். பெயின்ட் இல்லாத கேபினட் உலோகத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு டிஸ்க்கைத் தொடுங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் டிஸ்க்கின் போர்டில் பாயாமல் இருக்க இது.

எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளை பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். சந்தேகம் வந்தால் மாற்றுவதே சரி.

பழைய லைன் வீடுகளில் எர்த் சரியில்லாத வயரிங் இருக்கலாம். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடித்தால் டிஸ்க்கைப் பார்ப்பதற்கு முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்து இரண்டு முள் போர்டில் செருகும் பழக்கம் உள்ள வீடாக இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் வந்த ஊர் தங்கவயல். அந்த ஊரின் வீட்டுக்குள் எர்த் இல்லாமல் இருக்கக் கூடாது.

தூசு

இதைத் தனித் தலைப்பாகப் போடக் காரணம் சயனைடு மேடுகள். மில்லில் பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் அது. ஆடிக் காற்றில் வீட்டுக்குள் வந்து படியும் அந்தப் பொடி, சாதாரண வீட்டுத் தூசைவிட நைசானது. கேபினட் ஃபேனிலும் எஸ்எம்பிஎஸ் துவாரத்திலும் அடைத்துச் சூட்டை ஏற்றும். சூடு ஏறினால் பவரும் தள்ளாடும், டிஸ்க்கும் தள்ளாடும்.

சுத்தம் செய்யும் முறை: கேபினட்டை வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் கொண்டுபோங்கள். மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், சிலிக்கா கலந்த பொடி, நுரையீரலுக்கு ஆகாது, சுரங்கத்தில் உழைத்த பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். காய்ந்த பிரஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். முடிந்ததும் கை கழுவுங்கள்.

டிஸ்க்கின் மூடியில் ஒரு சின்னத் துளை தெரியும். அதை டேப் ஒட்டி அடைக்காதீர்கள். உள்ளே வடிகட்டியோடு அமைந்த காற்றுத் துளை அது. காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. துளையே இல்லாத ஹீலியம் டிஸ்க்குகளும் உண்டு.

மலிவிலிருந்து தொடங்கும் வரிசை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிள், போர்ட், பவர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றால் எது குற்றவாளி என்று தெரியாது. பழைய கேபிளை டிராயரில் போட்டு வைத்து, அடுத்த வருடம் அதையே எடுத்து மாட்டுவீர்கள்.

1. *டேட்டா கேபிள்.* இரண்டு முனையையும் உருவி மறுபடி நேராகச் செருகுங்கள். ‘டிக்’ என்று பூட்டும் உலோக நாக்கு உள்ள கேபிளே நல்லது. சாட்டா கனெக்டர் அடிக்கடி செருகி எடுக்க வடிவமைத்தது அல்ல. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாதாரண கனெக்டரின் கணக்கு 50 முறைதான். தளர்ந்துபோன கேபிளை வளைத்து, ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்துவது பயனில்லை. புதியது மாட்டுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, கூர்மையாக மடிக்கவும் கூடாது.

2. *பவர் கனெக்டர்.* பதினைந்து பட்டை கொண்ட அகலமான கனெக்டர் இது. டிவிடி டிரைவில் இருப்பதை எடுத்து மாட்டிப் பாருங்கள். ஒரே வயரிலிருந்து ஸ்ப்ளிட்டர் போட்டுப் பல டிஸ்க் ஓட்டினால் ஸ்ப்ளிட்டரை எடுத்துவிடுங்கள். பழைய நான்கு முள் பவரைச் சாட்டாவாக மாற்றும் அடாப்டரில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு வகை உருகித் தீப்பிடித்ததுண்டு. கருகிய வாசனையோ பழுப்பு நிறமோ தெரிந்தால் அதைத் தூக்கி எறியுங்கள்.

3. *மின்னழுத்தம்.* மல்டிமீட்டர் பழகியவர்களுக்கு மட்டும். கம்ப்யூட்டர் ஓடும்போது, காலியாக இருக்கும் நான்கு முள் கனெக்டரில் கறுப்பு வயருக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட், கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டரின் இரண்டு முள்ளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மேசைக் கம்ப்யூட்டரின் 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் 12 வோல்ட்டில் அதிக மின்சாரம் இழுக்கும். அந்த நொடியில் எஸ்எம்பிஎஸ் தாங்காவிட்டால் டிஸ்க் ‘இல்லை’ ஆகிவிடும். காலையில் மட்டும் தெரியாத டிஸ்க்கின் மர்மம் பல சமயம் இங்கேதான் அவிழும்.

4. *போர்ட்.* மதர்போர்டில் வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றுங்கள். போர்ட்டும் கெடும் என்பதற்குப் பெரிய உதாரணம் 2011. அந்த ஜனவரி 31-ல் இன்டெல் தன் புதிய 6 வரிசை சிப்செட்டில் பிழை இருப்பதாக அறிவித்து, அனுப்புவதை நிறுத்தியது. மெதுவான நான்கு சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் பலவீனமாகும்; வேகமான இரண்டுக்கு ஒன்றும் ஆகாது. டிஸ்க் மேல் குற்றமே இல்லாமல் டிஸ்க் மறையும் பழுது அது. போர்ட்டை மாற்றிப் பார்க்காமல் டிஸ்க்கைப் பழி சொல்லாதீர்கள்.

5. *பயாஸ் செல்.* ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போகிறதா? மதர்போர்டின் வட்டமான 3 வோல்ட் செல் தீர்ந்துவிட்டது. தேதியோடு சாட்டா அமைப்பும் மாறிவிடும். அதனால் டிஸ்க் இருந்தும் விண்டோஸ் எழாமல் போகலாம். செல்லை மாற்றி, பயாஸுக்குள் போய்ச் சாட்டா முறை முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஏஹெச்சிஐ.

6. *மின்சேமிப்பு.* விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்க்கை அணைக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்குங்கள். ‘லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்’, ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். சும்மா இருக்கும்போது மறையும் டிஸ்க் இதோடு அடங்கிவிடலாம்.

7. *வேறு கம்ப்யூட்டர்.* டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். அங்கும் மறைந்தால் டிஸ்க். அங்கே நாள் முழுக்க நிலையாக நின்றால் உங்கள் கம்ப்யூட்டர்.

*குறிப்பு:* வெளியே வைக்கும் பெரிய டிஸ்க்கின் உறையைப் பிரித்து உள்ளிருப்பதை எடுத்துப் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினால் சில மாடல்கள் எழவே எழாது. பவர் கனெக்டரின் மூன்றாவது பட்டையில் வரும் 3.3 வோல்ட்டை அவை ‘நில்’ என்ற உத்தரவாக எடுத்துக்கொள்கின்றன. டிஸ்க் கெட்டுவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள்.

டிஸ்க்கிடமே கேட்பது

‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச நிரல், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்பைக் காட்டும். ‘குட்’ என்ற நீலக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். நான்கு வரிகளைப் பாருங்கள்: 05, சி5, சி6, சி7. நிரல் இவற்றைப் பதினாறடிமான எண்ணில் காட்டும். வேறு நிரல்களில் 5, 197, 198, 199 என்று வரும்.

சி7 என்பது டேட்டா கேபிள் வழியே வரும்போது சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. இது ஏறினால் முதல் சந்தேகம் கேபிள். இந்த எண் ஒருபோதும் குறையாது. ஆகவே இன்றைய எண்ணை நோட்டில் எழுதி, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அப்படியே நின்றால் வேலை முடிந்தது.

சி5 என்பது படிக்க முடியாமல் திணறும் இடங்கள். சி6 சோதித்தும் தேறாத இடங்கள். 05 கைவிட்டு மாற்றிக்கொண்ட இடங்கள். இவை நாளுக்கு நாள் ஏறினால் தட்டு கெட்டுக்கொண்டிருக்கிறது. எந்தக் கேபிளும் அதைக் காப்பாற்றாது. அந்த டிஸ்க்கை யாருக்கும் விற்காதீர்கள், பிள்ளைகளின் பாடத்துக்கும் கொடுக்காதீர்கள்.

நான்கும் பூஜ்யமாக இருந்து, கேபிளும் பவரும் சரியாக இருந்தும் மறைகிறதென்றால் மாடல் எண்ணை வைத்து, ஃபர்ம்வேர் பழுது ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். 2009 ஜனவரியில் சீகேட்டின் பாரகுடா 7200.11 வரிசையில் இப்படி நடந்தது. பயாஸில்கூடத் தெரியாமல் டிஸ்க்குகள் மறைந்தன. உள்ளே தகவல் அப்படியே இருந்தது. பிழை ஃபர்ம்வேரில். நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. ஃபர்ம்வேர் மாற்றுவது காப்பி எடுத்த பிறகு மட்டுமே, யுபிஎஸ் உள்ள கம்ப்யூட்டரில் மட்டுமே.

யுஎஸ்பி டிஸ்க்கும் லேப்டாப்பும்

பாக்கெட்டில் போகும் யுஎஸ்பி டிஸ்க் மறைந்தால் முதலில் கேபிளை மாற்றி, கேபினட்டின் பின்பக்கம் மதர்போர்டோடு சேர்ந்த போர்ட்டில் செருகுங்கள். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே ஒரு வயர் ஓடுகிறது. அங்கேயே மின்சாரம் குறையும். யுஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட்டின் கணக்கு 900. அதுவும் போதாவிட்டால் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் பயன்படுத்துங்கள். உறையைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். சில மாடல்களில் யுஎஸ்பி முனையே டிஸ்க்கின் போர்டில் பற்றவைத்திருக்கும், தகவலும் அந்தப் போர்டில் பூட்டியிருக்கும்.

மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் போய் வருபவர்கள் லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டுப் பைக்குள் வைக்கிறார்கள். பைக்குள் அது விழித்துக்கொண்டால் டிஸ்க் சுழலத் தொடங்கும். கூட்டத்தில் ஒரு இடி போதும். சுழலும் டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் ஷட் டவுன் செய்து, ஓசை நின்ற பிறகே பையில் வையுங்கள். சில லேப்டாப்களில் டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே பட்டையான மெல்லிய கேபிள் இருக்கும். மடிந்து நைந்து டிஸ்க் மறைவதற்கு அதுவும் ஒரு வழக்கமான காரணம். மாடல் எண்ணைச் சொல்லி வாங்கினால் அதை மட்டும் மாற்றலாம்.

கையை எடுக்க வேண்டிய இடம்

தட்டும் ஓசை, சி5 ஏற்றம், எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியாமை, இவற்றில் ஒன்று இருந்து, காப்பியும் கையில் இல்லை என்றால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இனி ஒன்றுமில்லை. மூடியைத் திறக்காதீர்கள். தட்டுக்கும் தலைக்கும் இடையே உள்ள இடைவெளியில் ஒரு தூசி நுழைந்தாலே தட்டு கீறிவிடும். அதைத் திறப்பது வடிகட்டிய காற்று உள்ள அறையில் மட்டுமே. இன்னொரு டிஸ்க்கின் பச்சை போர்டைக் கழற்றி மாட்டுவதும் இக்கால டிஸ்க்குகளில் அப்படியே வேலை செய்யாது. அந்தந்த டிஸ்க்குக்கு உரிய அளவுகள் அதன் போர்டில் உள்ள சிப்பில் எழுதியிருக்கும், அதையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும்.

பெங்களூருக்குக் கொண்டுபோவதானால் நிலைமின்சாரம் தடுக்கும் கவரில் போட்டு, சுற்றிலும் ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டுங்கள். ரயிலில் மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி. ரோட்டில் கேபிள், எஸ்எம்பிஎஸ், புதிய டிஸ்க் எல்லாம் கிடைக்கும். தகவல் மீட்பு தனித் தொழில். உதிரிபாகக் கடையில் ‘திறந்து பார்க்கிறேன்’ என்றால் கொடுக்காதீர்கள். மீட்பு நிலையத்தில் நான்கு கேள்வி கேளுங்கள்: சோதனைக்கு எவ்வளவு, தகவல் வராவிட்டால் எவ்வளவு, டிஸ்க்கைத் திறப்பது எங்கே, என் அனுமதி கேட்ட பிறகுதானே திறப்பீர்கள். பதிலையும் டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே டிஸ்க்கைக் கையை விட்டுக் கொடுங்கள்.